யாரும் தொறக்காத ஃபைலை நான் அழிச்ச கதை

போன தை மாசம் ஒரு திங்கக்கிழமை எனக்குக் குடுத்த வேலை ரெண்டு. கம்ப்யூட்டர்லேர்ந்து ஒரு ஃபைலை அழிக்கணும். சுவத்துலேர்ந்து ஒரு பேப்பரைப் பிய்க்கணும்.

பத்து நிமிஷ வேலை. முடிய நாலு நாள் ஆச்சு. எங்க அப்பா என்கூடப் பேச்சை நிறுத்தினது தனி.

நான் யாருன்னு தெரியாதவங்களுக்கு: பன்னெண்டாவது முடிச்சவ. கணக்குல பாஸ். அதுக்கு மேல கேக்காதீங்க. மேல படிக்கலியான்னு கேக்குற சொந்தக்காரங்களுக்கு ஒரு பதில் வேணுமேன்னு, மார்கழிக் கடைசியிலதான் திருத்துறைப்பூண்டியில ஒரு அறுவடை மிஷின் ஆபீஸ்ல வேலைக்குச் சேந்தேன். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும்னு ஊர்ல ஒரு பேச்சு இருந்துச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பி விட்டதும் நான்தான்.

ஓனர் அன்சாரி பாய். அவர்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு பெல்ட் மிஷின். மத்த மிஷினுக்கெல்லாம் டயர், சேத்துல இறங்கினா அங்கயே குடித்தனம் பண்ணிரும். இது எந்த உளைச் சேத்துலயும் இறங்கி அறுத்துட்டு வந்துரும். அதனால பள்ளத்துல வயல் வச்சிருக்கிறவங்க எல்லாம் எங்க ஆபீஸ் வாசல்லதான் நிக்கணும்.

எங்க அப்பா உட்பட. எங்களுக்குப் பத்து மா, மூணு ஏக்கர் சொச்சம். பத்தும் பள்ளம்.

ஆபீஸ்ல இன்னொருத்தர் மாரிமுத்து அண்ணன். யாருக்கு எப்ப மிஷின்னு முறை எழுதுறவரு அவருதான். முறைங்கிறது எங்க ஊர்ல சாதாரண விஷயம் இல்லைங்க. அண்ணன் தம்பிக்குள்ள பேச்சு வார்த்தை நிக்கிற அளவுக்குப் பெரிய விஷயம்.

இப்ப அந்த ஃபைல்.

பாயோட பெரிய மகன் துபாய்ல கம்ப்யூட்டர் வேலை பாக்குறாரு. இலவசமாக் கிடைக்கிற ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்துட்டுப் போயிருந்தாரு. அதுல ஒரு வசதி. ஆன் பண்ணும்போதே எஃப் ஒன்பதை அமுக்கிப் புடிச்சா, அன்னைக்கு முழுக்கக் கம்ப்யூட்டர்ல நடக்கிறதை ஒண்ணு விடாம குறிச்சு வச்சுக்கும். நாம தட்டுற ஒவ்வொரு எழுத்தும் அதுல பதிஞ்சிரும். எங்கயாவது சிக்கி நின்னா, அந்தக் குறிப்பைப் பார்த்து எங்க தப்பு நடந்துச்சுன்னு கண்டுபிடிக்கலாம்.

அதை எப்படிப் பயன்படுத்துறதுன்னு பதினஞ்சு பக்கம் தமிழ்ல எழுதி கம்ப்யூட்டர்ல போட்டிருந்தாரு. முதல் பக்கத்தைப் பெருசா அச்சடிச்சு, லேமினேஷன் போட்டு, சுவத்துல ஒட்டிட்டு பிளைட் ஏறிட்டாரு.

அப்புறம் புது வெர்ஷன் வந்துச்சு. அதை உருவாக்குறவங்க அந்த வசதியையே தூக்கிட்டாங்க. பாஸ்வேர்டு தட்டினாலும் சேத்துக் குறிச்சு வச்சுக்குதுன்னு எல்லாரும் திட்டினாங்களாம். இப்ப எஃப் ஒன்பதை அமுக்கினா ஒண்ணும் நடக்காது. விரல்தான் வலிக்கும்.

ஆனா மாரிமுத்து அண்ணன் அமுக்குவாரு. தினமும் காலையில, வாய்க்குள்ள அறுவது வரைக்கும் எண்ணிக்கிட்டு.

சேந்த முதல் நாளே கேட்டேன். "அண்ணே, அந்த வசதிதான் போயிடுச்சே, ஏன் அமுக்குறீங்க?"

"வசதி போனா என்னம்மா, பட்டன் இருக்குல்ல?"

"பட்டன் இருந்தா அமுக்கணுமா?"

"அமுக்குறேன், கம்ப்யூட்டர் ஓடுது. அமுக்காம விட்டு அது ஓடலைன்னா நீ பதில் சொல்லுவியா?"

சுவத்துல இருந்த பேப்பருக்கோ சந்தனம், குங்குமம். ஆயுத பூஜையன்னைக்கு டிரைவர் மிஷினுக்குப் பொட்டு வச்ச கையோட கம்ப்யூட்டருக்கும், அதுக்கு வச்ச கையோட பேப்பருக்கும் வச்சிருக்காரு. மூணு வருஷப் பொட்டு. கீழ நாலு வரி படிக்கவே முடியல.

அந்தத் திங்கக்கிழமை மாரிமுத்து அண்ணன் மிஷினுக்கு பிளேடு வாங்க மன்னார்குடி போயிட்டாரு. பாய் என்னைக் கூப்பிட்டாரு.

"ஏம்மா, துபாய்லேர்ந்து பெரியவன் போன் பண்ணான். அந்தப் பழைய வசதி பத்தின குறிப்பெல்லாம் இன்னும் கெடக்குதாமே? அதைப் பார்த்து ஆளுங்க ஏமாறுறாங்க, எடுத்துருன்னு சொன்னான். எடுத்துரு."

"எல்லாத்தையுமா பாய்?"

"எல்லாத்தையும். சுத்தமா."

எனக்குச் சுத்தம்னா சுத்தம். பேப்பரைப் பிய்ச்சேன். சுண்ணாம்பும் கூட வந்துச்சு. நாலா மடிச்சு குப்பைக்கூடையில போட்டேன். குங்குமம் கையில ஒட்டிக்கிச்சு, அதை மட்டும் கண்ணுல ஒத்திக்கிட்டேன். பயம்தான், என்ன பண்ண?

அப்புறம் ஃபைல். தொறந்தேன். 'பயனாளர்களுக்கு அன்பான வணக்கம்'னு இருந்துச்சு. உடனே மூடிட்டேன். பதினஞ்சு பக்கம்! பரீட்சைக்கே நான் அவ்ளோ படிக்கல.

அழின்னு குடுத்தேன். 'குப்பையில போடவா, நிரந்தரமா அழிக்கவா?'ன்னு கேட்டுச்சு.

நிரந்தரமா.

'மீட்க முடியாது. உறுதிதானா?'

ஆமாங்கறேன்ல!

அழிஞ்சுது. எனக்கு என்னமோ பெரிய பிழையையே வேரோட பிடுங்கினாப்புல ஒரு பெருமை. எஃப் ஒன்பது பட்டன் மேல ஒரு துண்டு டேப்பும் ஒட்டி வச்சேன்.

மத்தியானம் ரெண்டு மணிக்கு மாரிமுத்து அண்ணன் பிளேடோட வந்தாரு. வரும்போதே பரபரப்பு.

"வேதாரண்யம் பக்கம் கடல் சரியில்லையாம். ரெண்டு மூணு நாள்ல மழைங்கிறான் ரேடியோவுல. நாளைக்குக் காலையிலயே மிஷினை இறக்கிரணும். அந்த ஃபைலைத் தொறம்மா, முதல் முறை யாருக்குன்னு பாக்கலாம்."

"எந்த ஃபைலுண்ணே?"

"அதான், எஃப் ஒன்பது ஃபைலு."

டேப் ஒட்டின பட்டனைக் கையால மறைச்சுக்கிட்டேன்.

"அதுல என்னண்ணே இருக்கு?"

"பதினஞ்சாம் பக்கத்துக்குக் கீழ போ. நல்லா கீழ. அங்கதான் முறை எழுதியிருக்கேன்."

"அங்க ஏண்ணே எழுதுனீங்க?"

அவரு என்னை ஒரு பார்வை பார்த்தாரு. விவரம் தெரியாத புள்ளையைப் பாக்குற பார்வை. "நோட்டுல எழுதினா, வர்றவங்க எல்லாம் பேனாவை வாங்கி அவங்க பேரை மேல எழுதிக்கிறாங்க. கம்ப்யூட்டர்ல 'அறுப்பு முறை'ன்னு தனியா வச்சா, கழுத்தை நீட்டி எட்டிப் பாக்குறாங்க. அவன் ஏன் எனக்கு முன்னாடின்னு அங்கயே சண்டை. அதான் யோசிச்சேன். இந்த ஆபீஸ்லயே எவனும் தொறக்காத ஃபைல் எது?"

யோசிச்சிருக்காரு பாருங்க.

"போன்ல ஒரு போட்டோவாவது எடுத்து வச்சீங்களா?"

"எதுக்கு? போனைப் பேரப்புள்ளைங்க நோண்டும். அந்த ஃபைலை யாரு நோண்டப் போறா?"

நான் சுவத்தைக் காட்டினேன். பேப்பர் இருந்த இடத்துல வெள்ளையா ஒரு சதுரம். அண்ணன் அப்படியே நாற்காலியில உக்காந்துட்டாரு.

துபாய் அண்ணனுக்குப் போன் போட்டோம். நான்தான் பேசினேன். அழிச்சது, நிரந்தரமா அழிச்சது, உறுதிதானான்னு கேட்டதுக்கும் ஆமான்னு சொன்னது, எல்லாத்தையும் சொன்னேன். மறைச்சு என்ன பண்ண?

அந்தப் பக்கம் சிரிப்பு. அடக்க முடியாத சிரிப்பு.

"ஏம்மா, பழைய வெர்ஷனா இருந்திருந்தா ஒண்ணுமே இல்லை. மாரிமுத்து அண்ணன் தட்டின ஒவ்வொரு எழுத்தும் பதிஞ்சிருக்கும். அரை மணி நேரத்துல எடுத்துரலாம்."

"இப்ப எடுக்க முடியாதா?"

"இப்பதான் அந்த வசதியே இல்லையேம்மா. அதனாலதான குறிப்பை எடுக்கச் சொன்னேன்."

"சரிண்ணே, அந்த வசதி எப்படித்தான் கண்டுபிடிக்கும்?"

"அதுல ஒரு மாயமும் இல்லம்மா. இதுக்கு அடுத்து எது, அதுக்கு அடுத்து எதுன்னு வரிசையாக் குறிக்கும். சங்கிலி மாதிரி. வச்சிரட்டுமா?" சிரிச்சுக்கிட்டே வச்சிட்டாரு.

இதுவரைக்கும் விஷயம் நாலு சுவத்துக்குள்ள இருந்துச்சு. மாரிமுத்து அண்ணன் மனசு கேக்காம டீக்கடையில மட்டும் ரகசியமாச் சொல்லிட்டு வந்தாரு.

நாலு மணிக்கு ஆபீஸ் வாசல்ல ஒம்போது பேரு. லிஸ்ட்ல இருந்ததும் அதே ஒம்போது பேருதான். மாரிமுத்து அண்ணனுக்கு ஆளுங்க ஞாபகம் இருந்துச்சு, வரிசைதான் இல்லை. ஒருத்தர் விடாம வந்துட்டாங்க. அந்த ஒம்போதுல எங்க அப்பாவும் ஒருத்தர். இஸ்திரி போட்ட சட்டையில வந்திருந்தாரு.

"முதல் முறை யாருதுங்க?"ன்னு பாய் கேட்டாரு.

ஒம்போது பேரும் கையைத் தூக்கினாங்க.

"நான் வரும்போது இந்த ஆபீஸ் ஷட்டரே தொறக்கல"ன்னாரு கோவிந்தராஜு மாமா.

"ஷட்டரைத் தொறந்து விட்டதே நான்தான்"ன்னாரு இன்னொருத்தரு.

"ஆம்பளைங்க எல்லாம் நல்லா இருக்குய்யா உங்க கதை. ஒத்தப் பொம்பளைன்னா கடைசியாத் தள்ளிருவீங்களா?"ன்னு செல்வி அக்கா சைக்கிளைக் குறுக்க நிறுத்துச்சு. அது மட்டும்தான் பொம்பளை. சத்தத்துல அது தனியா நாலு பேரு.

பாய் தலையில கை வச்சுக்கிட்டாரு. "முறை தெரியாம நான் மிஷினை எடுக்க மாட்டேன். தப்பான வயல்ல இறக்கினா மத்த எட்டு பேரும் அடுத்த போகத்துக்கு என் வாசப்படி மிதிக்க மாட்டாங்க. ஏம்மா, நீதான அழிச்ச? காலையில ஆறு மணிக்கு மிஷின் கிளம்பணும். அதுக்குள்ள நீயே கண்டுபிடி."

அதுக்குள்ள அப்பா என்னை ஓரமா இழுத்துட்டுப் போயிட்டாரு.

"இந்தா பாரு. எல்லாம் இப்ப உன் கையிலதான் இருக்கு. நம்மள ஒண்ணாவதாப் போட்டுரு."

"நெசமா நீங்க எத்தனாவதுப்பா?"

"ஒண்ணாவதுதான்."

"சத்தியமா?"

"பெத்த அப்பன்கிட்ட சத்தியம் கேக்குறியே, நெல்லு தலை சாஞ்சு நிக்குதுடி! மழை விழுந்தா பத்து மாவும் படுத்துரும். படுத்தா அங்கயே முளைச்சிரும். வருஷம் பூரா சாப்பிடப் போறது அதைத்தான், ஞாபகம் வச்சுக்க."

அது பொய் இல்லை. முந்தின நாள்தான் நானும் வயலைப் பார்த்துட்டு வந்தேன். கதிர் எல்லாம் தரையைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. ஒரு பேர் எழுதினா முடிஞ்சுது. யாருக்குத் தெரியப் போவுது? உண்மையைச் சொல்றேன், ஒரு நிமிஷம் எழுதிரலாம்னுதான் நினைச்சேன்.

அப்ப செல்வி அக்கா வாசல்லேர்ந்து கத்துச்சு. "பாய், நாங்க எல்லாம் இங்க நேர்ல வந்து சொல்லிட்டுத்தான போனோம்? போன்ல சொன்னா நீங்க எழுதிக்க மாட்டீங்கல்ல?"

அங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு.

எங்க ஊர்ல மிஷின் சொல்ல வர்றவரு சொல்லிட்டு உடனே கிளம்ப மாட்டாரு. வாசல் பெஞ்சுல உக்காந்து ஒரு டீ சொல்லுவாரு. டீ குடிக்கிறதுக்கு இல்லை. தனக்கு அடுத்து யாரு வர்றான்னு பாக்குறதுக்கு. பாத்துட்டு, வந்தவன் மூஞ்சி தொங்குறதையும் பாத்துட்டு, திருப்தியா எழுந்து போவாரு. ஒம்போது பேரும் அதைப் பண்ணியிருப்பாங்க.

நீங்க எத்தனாவதுன்னு கேட்டா எல்லாரும் பொய் சொல்லுவாங்க. தனக்குப் பின்னாடி எவன் வந்தான்னு கேட்டா? அதுல பொய் சொல்ல எவனுக்கு மனசு வரும்? அதைச் சொல்றதுல எவ்ளோ சந்தோஷம்!

இதுக்கு அடுத்து எது, அதுக்கு அடுத்து எது. துபாய் அண்ணன் சொன்ன சங்கிலி.

ஒவ்வொருத்தரா உள்ள கூப்பிட்டேன். கதவைச் சாத்தினேன். ஒரே ஒரு கேள்வி. "உங்களுக்கு அடுத்து யாரு வந்தாங்க?"

முதல்ல பக்கிரிசாமி பெரியப்பா. "கோவிந்தராஜுதான். நான் டீயில பாதி குடிக்கல, மூச்சு வாங்க ஓடி வர்றான். என்னைப் பாத்ததும் அவன் மூஞ்சியைப் பாக்கணுமே!"

கோவிந்தராஜு மாமா. "செல்வி. நான் உக்காந்திருக்கிறதைப் பாத்துட்டு, சைக்கிளுக்கு ஸ்டாண்டு கூடப் போடாம சுவத்துல சாச்சுட்டுப் போச்சு. அவ்ளோ கோவம்!"

செல்வி அக்கா. "எனக்குப் பின்னாடியா? உப்பூர்க்காரரு. 'நீ எப்பம்மா வந்த?'ன்னு கேட்டாரு. இப்பதான் பெரியவரே, நீங்க கொஞ்சம் லேட்டுன்னேன்."

அப்படியே போச்சு. ஒருத்தரும் யோசிக்கக் கூட இல்லை. நான் சேர்றதுக்கு முன்னாடி, ஒன்றரை மாசத்துக்கு முந்தி ஒரே நாள்ல நடந்தது, நேத்து நடந்த மாதிரி சொல்றாங்க. அன்னைக்கு எவன் என்ன கலர் சட்டைங்கிறது வரைக்கும் ஞாபகம். இதுக்கு முன்னால அந்த எஃப் ஒன்பது என்னங்க பெரிய எஃப் ஒன்பது?

யாருமே தனக்குப் பின்னாடின்னு சொல்லாத ஒரே ஆளு பக்கிரிசாமி பெரியப்பா. அப்ப அவருதான் ஒண்ணாவது. ஒண்ணாவதுன்னு கையைத் தூக்கின ஒம்போது பேர்ல நெசம் சொன்னவரு அவரு ஒருத்தர்தான்.

எட்டாவதா உள்ள வந்தவரைக் கேட்டேன். அவரு என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரிச்சாரு.

"கோச்சுக்காத பாப்பா. எனக்கு அடுத்து வந்தது உங்க அப்பாதான். வேற ஒரு மிஷின்காரன்கிட்டச் சொல்லி வச்சு, அவன் கைவிட்டப்புறம் இங்க ஓடி வந்தாரு. பாவம், வேர்த்து ஊத்துச்சு."

கடைசியா அப்பா. கதவைச் சாத்தினேன்.

"அப்பா, உங்களுக்கு அடுத்து யாருப்பா வந்தாங்க?"

அப்பா ஃபேனைப் பாத்தாரு. ஜன்னலைப் பாத்தாரு. சட்டைப் பையில எதையோ தேடினாரு.

"ஒருத்தர் பேரு சொல்லுங்கப்பா. ஒரே ஒருத்தர்."

"நான் டீ குடிக்கல"ன்னாரு.

எங்க அப்பா டீ குடிக்காம ஒரு இடத்தை விட்டு வந்ததா சரித்திரமே கிடையாது. ரெண்டு டீ குடிச்சுட்டு, யாராச்சும் வருவாங்களான்னு அந்த பெஞ்சுல எவ்ளோ நேரம் உக்காந்திருந்தாரோ. நினைச்சா எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா ஒம்போதாவது வரியில அவரு பேரைத்தான் எழுதினேன். என் கையெழுத்து அதுவரைக்கும் அவ்ளோ மோசமா இருந்ததில்லை.

லிஸ்டைப் பாத்ததும் மாரிமுத்து அண்ணன் துள்ளி எழுந்தாரு. "இதேதான்! இம்மி பிசகாம இதேதான்!"

"அப்ப உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சாண்ணே?"

"பாத்தா ஞாபகம் வருது. பாக்காம எப்படிம்மா வரும்?"

பாய் சத்தம் போட்டுப் படிச்சாரு. வாசல்ல ஒரு முணுமுணுப்பு வந்துச்சு. ஆனா தகராறு வரல. பெத்த அப்பனையே கடைசியாப் போட்டிருக்காளே, இவகிட்ட என்ன பேசுறதுன்னு நினைச்சிருப்பாங்க.

"நல்லா வளத்திருக்கய்யா புள்ளைய"ன்னாரு கோவிந்தராஜு மாமா. பாராட்டா நக்கலான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அப்பா வண்டியை உதைச்ச உதையில அவருக்கு அது தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு.

செவ்வாக்கிழமை காலையில ஆறு மணிக்கு மிஷின் பக்கிரிசாமி பெரியப்பா வயல்ல இறங்குச்சு. ரெண்டு நாள்ல ஆறு வயல் முடிஞ்சுது. வியாழக்கிழமை சாயங்காலம் எட்டாவது வயல்ல கடைசி சால் அறுத்துக்கிட்டிருக்கும்போது, தெக்கால கறுத்துக்கிட்டு வந்துச்சு.

ஒரு மணி நேரம்தான் பேஞ்சுது. எட்டு பேரு நெல்லும் வீட்டுக்குள்ள பத்திரம். எங்க பத்து மா மட்டும் பாய் விரிச்சாப்புல படுத்துருச்சு.

வெள்ளிக்கிழமை மிஷின் வந்துச்சு. நல்லவேளை, பெல்ட் மிஷின். ஊர்ந்து ஊர்ந்து அறுத்துக் குடுத்துச்சு. முக்கால்வாசி தேறுச்சு. கால்வாசி சேத்தோட போச்சு. தேறினதும் ஈரம். தார் ரோட்டுல கொட்டிக் காய வச்சோம். யாரு காய வச்சா? நான்தான். ஞாயித்துக்கிழமை பூரா காலால கிளறிக்கிட்டே நடந்தேன். முத்துப்பேட்டை பஸ்ஸு எல்லாம் ஆரன் அடிச்சு, நெல்லு மேலயே ஏறிப் போச்சு. செல்வி அக்கா சைக்கிள்ல வந்து நின்னு, "நியாயஸ்தி, நல்லா கிண்டி விடு"ன்னுச்சு. அப்புறம் அதுவே இறங்கி ஒரு மணி நேரம் கூடக் கிண்டுச்சு. அதையும் சொல்லணும்ல.

அப்பா என்கிட்ட நேராப் பேசுறதில்லை. எல்லாம் அம்மா வழியாத்தான்.

"ஆபீசரம்மாவைச் சாப்பிட வரச் சொல்லு."

"வர்றாங்களாம்னு சொல்லும்மா"ன்னு நானும் சொல்லிருவேன். நடுவுல அம்மா, "ரெண்டு பேரும் ஒரே தாழ்வாரத்துலதான உக்காந்திருக்கீங்க, என் தொண்டைத்தண்ணிய ஏன் வாங்குறீங்க?"ன்னு கரண்டியைத் தட்டும்.

ஆபீஸ்ல நான் இப்பல்லாம் எதையும் அழிக்கிறதில்லை. பாய் அழிக்கச் சொன்னா, பேருக்கு முன்னாடி 'பழசு'ன்னு போட்டு வச்சிடுறேன். 'பழசு', 'பழசு இரண்டு', 'ரொம்பப் பழசு' எல்லாம் இருக்கு. எதுல யாரு என்ன எழுதி வச்சிருக்காங்களோ, யாரு கண்டா?

போன வாரம் காலையில ஷட்டரைத் தொறந்தா வாசல்ல அப்பா. இஸ்திரி போட்ட சட்டை. என்னைப் பாக்காம நேரா மாரிமுத்து அண்ணன்கிட்டப் போயி, "குறுவை அறுப்புக்கு என் பேரை எழுதிக்கங்க"ன்னாரு.

"மேட்டூர்ல இன்னும் தண்ணியே தொறக்கலியேண்ணே. நாத்து கூட விடலியே?"

"எழுதுய்யா."

எழுதினாரு. அப்பா பெஞ்சுல உக்காந்து சாயங்காலம் வரைக்கும் அஞ்சு டீ குடிச்சாரு. அடுத்து ஒருத்தரும் வரல.

இப்போதைக்கு அந்த லிஸ்ட்ல ஒண்ணாவது பேரும் எங்க அப்பாதான், கடைசிப் பேரும் எங்க அப்பாதான்.